ஆகஸ்ட் மாதத்துக் கனவான்

மெல்பிரிட்ஜ்
10 மே 1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் விட்டதா, கம்பளி பனியனைப் போட்டுக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். அம்மாவின் முட்டிவலி போன மாதம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. மழை பெய்தால் என்னைத் திட்டுகிறாள், வெயிலடித்தால் டாக்டரைத் திட்டுகிறாள். மற்றபடி இங்கே குறையில்லை.

கவுண்டி கிரிக்கெட் ஆட்டங்கள் ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்குள்ளேயே கிடந்து அலுத்துப்போய், சனிக்கிழமை அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெவிலியனுக்குப் பக்கத்தில் மூன்று படி இருக்கிறதல்லவா, அங்கே நாற்காலி மாட்டிக்கொண்டது. உங்கள் கிளப் உறுப்பினர்கள் ஒரு வரிசை நிறைய உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. பக்கவாட்டுக் கதவிலிருந்து காலில் பேடு கட்டிய ஓர் ஆள் வந்து, நாற்காலியோடு அம்மாவை அப்படியே தூக்கினார்.

"பார்த்துப்பா, நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றாள் அம்மா.

"மூட்டையா இருந்தா தோள்ல போட்டிருப்பேன்மா. மகாராணிங்கிறதாலதான் சிம்மாசனத்தோட தூக்குறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். குளிர்காலத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அவர்தான் ஜோ டன்னிக். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் ஐந்தாவதாக ஆடுவார். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் மூடி நீ வந்ததும், உனக்கு இடம் வேண்டுமென்று அவரை உட்காரவைத்துவிடுவார்கள். காசு வாங்காமல் ஆடும் கனவான்கள் நீங்கள் நடுப்படியில் இறங்கி வருவீர்கள், சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வருவார்கள். அதனால் ஒருவேளை நீ அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லையோ என்னவோ.

அன்று அவர் அறுபத்துச் சொச்சம் எடுத்தார். மழை வந்து ஆட்டம் கெட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
நோரா


ஸ்கார்வெல் பள்ளி, நார்தம்பர்லாந்து
24 மே 1931

என் அருமை நோராவுக்கு,

இருமல் போய் மூக்கடைப்பு வந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அம்மாவிடம் நலம் என்று சொல்லிவிடு. இங்கே மே மாதத்திலும் கணப்பில் கரி போட வேண்டியிருக்கிறது. வாரத்தில் நாலு நாள் வேகாத ஆட்டுக்கறி. லத்தீன் சொல்லிக்கொடுத்தால் பையன்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.

டன்னிக்கைத் தெரியாமல் என்ன! நல்ல பையன், தன் இடம் தெரிந்து நடப்பவன். போன ஆகஸ்டில் என் பையை ஸ்டேஷன் வரைக்கும் தூக்கி வந்தான். அம்மாவைத் தூக்கியதற்கு அவனுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் தயவுசெய்து பக்கவாட்டுக் கதவுக்காரர்களை டீக்கு மட்டும் கூப்பிட்டுவிடாதே. செக்ரட்டரி கர்னல் ப்ரூட்டன் காதில் விழுந்தால், 'ஹெஸ்லப் வீட்டில் கொத்தனார் மகனோடு கேக் சாப்பிடுகிறார்களாமே' என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. எனக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது. கவுண்டிக்கு இத்தனை வருடம் ஆடியும் ஒரு செஞ்சுரி இல்லை. எழுபத்தொன்றோடு நின்றுவிட்டேன். பதினோரு மாதம் இந்தக் குளிரில் சாக்பீஸ் தூளைத் தின்பதெல்லாம் அந்த ஒரு மாதத்துக்காகத்தான். 'மிஸ்டர் ஹெஸ்லப்' என்று ஸ்கோர் அட்டையில் அச்சடித்து, அதற்கு நேராக ஒரே ஒரு தடவை மூன்று இலக்கம் வந்துவிட்டால் போதும், அப்புறம் பேட்டைப் பரணில் போட்டுவிட்டு நிம்மதியாக மூக்கடைப்போடு வாழ்வேன். சாயங்காலம் பையன்களைப் பந்து போடச் சொல்லிப் பழகுகிறேன். முட்டி வீங்குகிறது. அம்மாவிடம் சொல்லாதே.

இருவருக்கும் என் அன்பு.

ரூபர்ட்


மெல்பிரிட்ஜ்
21 ஜூன் 1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு முட்டிகளைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

முன்னறை ஜன்னல் கயிறு அறுந்து மேலேறாமல் கிடந்ததே, அது சரியாகிவிட்டது. டன்னிக் வந்து போட்டுக்கொடுத்தார். டீ கொடுத்தேன். பயப்படாதே, பின்வாசல் படியில் உட்கார்ந்துதான் குடித்தார், நான் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "உங்க அண்ணன் ஆகஸ்ட்ல வருவாருல்ல மிஸ், அப்ப நான் உட்கார்ந்த நாற்காலின்னு தெரிஞ்சா பாவம் சங்கடப்படுவாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சம்பளக்காரர்கள் அறையில் உங்களுக்கு 'ஆகஸ்ட் குளவிகள்' என்று பெயராம். மூன்று மாதம் ஒருத்தன் பழம் பறித்துக் காய்ச்சி ஜாம் பண்ணுவானாம், ஜாம் ஆனதும் குளவி வந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

இந்த வருடம் அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் நீ. இரண்டு செஞ்சுரி ஆகிவிட்டது. கர்னல் ப்ரூட்டனே அவரைக் கூப்பிட்டு, "ஆகஸ்ட்லயும் இப்படியே ஆடு, தொப்பி உனக்குத்தான்" என்று சொன்னாராம். கவுண்டித் தொப்பி கிடைத்துவிட்டால் குளிர்காலத்துக்கும் சம்பளம் உண்டு, செங்கல் சுமக்கப் போக வேண்டாம், ஊரோடு ஒரு வீடு பிடித்து இருந்துவிடலாம். ஆறு வருடமாக இதற்காகக் காத்திருக்கிறார். இருபத்தெட்டு வயதாகிறது. இந்த வருடம் இல்லையென்றால் இனிமேல் யார் கொடுக்கப்போகிறார்கள்?

இதையெல்லாம் மைதானத்தில் பேசிக்கொள்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் ஒன்று யோசித்தேன். ஆகஸ்டில் நீ அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே? டாக்டரும் காற்று மாறினால் நல்லது என்கிறார். உன் முட்டிக்கும் ஓய்வாக இருக்கும். யோசித்துப் பதில் எழுது.

உன் தங்கை
நோரா


மெல்பிரிட்ஜ்
8 ஜூலை 1931

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். அவள் சௌக்கியமே.

காரணம் கேட்காமல் எனக்காக ஒன்று செய்வாயா? இந்த ஒரு வருடம் ஆட வரவில்லை என்று கர்னலுக்கு எழுதிவிடு. அடுத்த வருடம் வா, அதற்கடுத்த வருடமும் வா, நானே உன் சட்டையெல்லாம் வெளுத்து வைக்கிறேன். இந்த ஒரு வருடம் மட்டும் வேண்டாம்.

சின்ன வயதிலிருந்து நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. நீயே சொல்வாய்.

நோரா


ஸ்கார்வெல் பள்ளி
19 ஜூலை 1931

என் அருமை நோராவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பாய். தாள்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. நலமாக இருக்கிறேன், முட்டியைத் தவிர.

உன்னிடம் மறைக்கப்போவதில்லை. உன் கடிதம் வந்தபோது கர்னலுக்கு எழுதிய பதில் என் மேஜைமேல் உறை ஒட்டாமல் கிடந்தது. அன்று ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காலையில் தபாலில் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் முழுக்க ஆடுவதாக ஒப்புக்கொண்டாகிவிட்டது.

கோபப்படாதே. வருடத்தில் ஒரே ஒரு மாதம் நான் மனிதனாக இருக்கிறேன். அதை விடு என்கிறாய், ஏனென்றும் சொல்லமாட்டேன் என்கிறாய். டாக்டர் ஏதாவது சொன்னாரா? அம்மாவுக்கு ஏதாவதா? இல்லை, அந்த டன்னிக்குக்காகப் பாவம் பார்க்கிறாயா? அப்படியானால் உன் நல்ல மனசு. ஆனால் அவன் ஒருவன் இல்லாவிட்டால் இன்னொருவன் உட்காருவான். யாராவது ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அது நான் போட்ட சட்டமில்லை. ஆமாம், நீ எப்போதிலிருந்து ஸ்கோரெல்லாம் மனப்பாடமாக எழுதுகிறாய்? போன வருடம்வரை, டீ இடைவேளைக்கு அவர்கள் உள்ளே போனதும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளாயிற்றே!

உண்மையிலேயே பெரிய காரணம் ஏதாவது இருந்தால் ஒரு வரி எழுது. தந்தியடித்து நிறுத்திவிடுகிறேன். சத்தியமாக.

அன்புடன்
ரூபர்ட்


மெல்பிரிட்ஜ்
22 ஜூலை 1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரிய காரணம் ஒன்றுமில்லை. வெயில் அதிகம், வேலை அதிகம், ஏதோ ஒரு எரிச்சலில் எழுதிவிட்டேன். மறந்துவிடு.

உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். மெத்தையை வெயிலில் போட்டேன். வெள்ளைச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டாகிவிட்டது. எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. அம்மா உனக்குப் பிடித்த நெல்லிக்காய்ப் பலகாரம் பண்ணச் சொல்லியிருக்கிறாள்.

நோரா


சாண்ட்ஹோம், ராயல் ஹோட்டல்
16 ஆகஸ்ட் 1931

என் அருமை நோரா! அம்மா!

தந்தி வந்திருக்கும். பேப்பரிலும் பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் என் கையாலேயே எழுத வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு! நூற்றுப் பன்னிரண்டு, நோரா!

காலையில் கடல் பக்கமிருந்து பனிமூட்டம். முதல் அரை மணி நேரம் பந்தே சரியாகத் தெரியவில்லை, எப்படியோ தப்பினேன். அப்புறம் வெயில் வந்தது. வந்ததும் எல்லாம் தானாக நடந்தது. பேட்டில் பட்டது தெரியாமலே பந்து வேலிக்குப் போனது. இப்படியும் ஆட முடியுமென்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்பதில் முட்டி மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டாவது ஆளாக டன்னிக்தான் வந்திருந்தான். தண்ணீரும் கட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, மண்டியிட்டு முட்டியை இறுக்கிக் கட்டினான்.

"எழுந்திருக்க முடியுமா சார்?"

"முடியாட்டி என்னப்பா பண்றது?"

"முடியும் சார். அந்த உயரக்காரன் களைச்சுட்டான். அடுத்த பந்து கால் பக்கமாத்தான் வரும். லேசா தட்டி விடுங்க, போதும்."

அவன் சொன்ன மாதிரியே வந்தது. தட்டினேன். நொண்டிக்கொண்டே ஓடி முடித்தேன்.

சாயங்காலம் அவனைத் தேடிப்போய்க் கைகொடுத்தேன். எத்தனை பேர் செய்வார்கள்? "உனக்கு ஏதாவது வேணுமா டன்னிக்? கர்னல்கிட்ட சொல்லணுமா?" என்றுகூடக் கேட்டேன். "ஒண்ணும் வேணாம் சார். நெசமாவே நல்ல ஆட்டம். வீட்ல மிஸ் நல்லா இருக்காங்களா?" என்றான். மரியாதை தெரிந்த பையன்.

கர்னல் எனக்கு ஷாம்பெயின் வாங்கிக்கொடுத்தார். இந்த வயதில் இப்படி ஒரு நாள் எனக்கு வருமென்று நினைக்கவில்லை. நீயும் அம்மாவும் பார்க்கவில்லையே என்பதுதான் குறை.

ரூபர்ட்


மெல்பிரிட்ஜ்
11 அக்டோபர் 1931

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ போய் இத்தனை நாள் எழுதாமலிருந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தபோதும் நான் பேசவே இல்லை என்று எழுதியிருந்தாய். பேசினேன். நீதான் அந்த நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

கிளப் கமிட்டி கூடியது. உன் செஞ்சுரியைப் பாராட்டி எழுதிவைத்தார்கள். டன்னிக்குக்குத் தொப்பி இல்லை. அடுத்த வருடத்துக்கும் அவர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆகஸ்டில் மிஸ்டர் ஹெஸ்லப் இருக்கிறார், அதற்கு முன்னால் யாராவது புதுப் பையனைப் போட்டுப் பார்க்கலாமாம். அவர் போன வாரம் ஸ்காட்லாந்துக்கு ரயிலேறிவிட்டார். கிர்க்லோவன் என்று ஏதோ ஒரு மலையடிவாரத்து ஊர். கோடையில் அங்கே ஒரு சின்ன கிளப்புக்கு ஆட வேண்டும், புல்லையும் அவரே வெட்ட வேண்டும். அதுவரை கருங்கல் குவாரியில் வேலை.

நான் உன்னைக் கேட்க வந்தது வேறு. இந்தக் குளிர்காலத்துக்கு அம்மாவை உன்னோடு வைத்துக்கொள்ள முடியுமா? எனக்கு ஓரிடம் போக வேண்டியிருக்கிறது. போனால் சீக்கிரம் திரும்ப மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஏதாவது கிடைக்காதா? அம்மா ஒன்றும் பெரிய தொந்தரவில்லை. காலையிலும் படுக்கப் போகும்போதும்தான் தூக்கிவிட ஆள் வேண்டும்.

அம்மா நலம். நானும் நலம். உன் முட்டி?

நோரா


ஸ்கார்வெல் பள்ளி
25 அக்டோபர் 1931

என் அருமை நோராவுக்கு,

முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறேன், பரவாயில்லை. பள்ளியில் பையன்கள் எனக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைமையாசிரியர்கூடச் சிரித்தார். அம்மாவிடம் சொல்.

நீ கேட்டதைப் பற்றி நிறைய யோசித்தேன். முடியாது நோரா. எனக்குக் கொடுத்திருப்பது மாடியில் இரண்டு அறை, பிரம்மச்சாரிகளுக்கென்று. வெளியே வீடு பார்த்தால் விடுதிப் பொறுப்பு போய்விடும். இந்தக் குளிரில் அம்மாவின் எலும்பு தாங்குமா? நீதான் அவளுக்குப் பழக்கம். என் கைபட்டாலே 'ஐயோ மெல்ல' என்று கத்துகிறாள்.

அது சரி, எங்கே போகப்போகிறாய்? குளிர்காலத்தில் யாராவது ஊர் சுற்றுவார்களா? அடுத்த ஈஸ்டருக்கு நான் வந்து பத்து நாள் இருக்கிறேன், அப்போது எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வா.

டன்னிக் விஷயம் கேள்விப்பட்டேன். பாவம்தான். ஆனால் மலைக்காற்று உடம்புக்கு நல்லது.

அன்புடன்
ரூபர்ட்


மெல்பிரிட்ஜ்
28 பிப்ரவரி 1932

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய சால்வை வந்தது. நன்றி எழுதவில்லை என்று நினைக்காதே, கை ஓடவில்லை. அம்மாவுக்கு மார்பில் சளி கட்டி, பிழைத்தது மறுபிழைப்பு. இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள்.

ஈஸ்டருக்கு நீ வரவேண்டியதில்லை. நான் எங்கும் போகவில்லை. இந்த மாதம் ஒரு சேதி வந்தது, அது உனக்கு வேண்டாத சேதி. அதற்கப்புறம் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

நோரா


ஸ்கார்வெல் பள்ளி
17 ஜூலை 1932

என் அருமை நோராவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமென்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் வெந்துபோய்க் கிடக்கிறது.

ஜூன் முழுக்கக் கர்னல் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறந்திருப்பார் என்று நானே எழுதிப்போட்டேன். பதில் இல்லை. நேற்று நம்மூர் வார இதழ் தபாலில் வந்தது. பிரித்தால், ஆகஸ்ட் ஆட்டங்களுக்கான பெயர்கள். என் இடத்தில் ஒரு கேம்பிரிட்ஜ் பையன்! யாரோ பிரபுவின் மருமகனாம். இருபது வயது. மீசை ஒழுங்காக முளைத்திருக்காது.

நூற்றுப் பன்னிரண்டு அடித்தவன் நான்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? 'ஹெஸ்லப், உமக்கு வயதாகிவிட்டது, போதும்' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு வந்திருப்பேன். வேலைக்காரனை நிறுத்துவதென்றாலும் கூப்பிட்டுச் சொல்வார்களே! ஒரு மனிதன் ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறான், அவனுக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரியும், தெரிந்தும் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். இவர்களுக்கு மனசாட்சியே கிடையாதா, நோரா?

நீ ஒருநாள் மைதானத்துக்குப் போய்க் கர்னலிடம் சும்மா பேச்சுக் கொடுத்துப் பாரேன். உன்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. ஓர் ஆட்டமாவது, கடைசியாக ஒரே ஓர் ஆட்டமாவது.

ஆடாவிட்டாலும் முப்பதாம் தேதி வந்துவிடுகிறேன். வேறு எங்கே போவேன்?

ரூபர்ட்


மெல்பிரிட்ஜ்
20 ஜூலை 1932

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா தேறிவிட்டாள், கைத்தடியோடு ஜன்னல்வரை நடக்கிறாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "என் பிள்ளைக்கா இப்படி" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

ஆனால் கர்னலிடம் நான் போகமாட்டேன். போன வருடம் போயிருக்க வேண்டும், போகவில்லை. இந்த வருடம் உனக்காகப் போனால் என் கால் எனக்கே வணங்காது.

மனசாட்சி கிடையாதா என்று கேட்டாய். அவர்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் சம்பளக்காரர்கள் அறைக் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போவார்கள். ஆறு வருடமும் ஜோ அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், நீ வருகிறாய் என்று. உனக்கு அது தெரியாது. நீ அந்தக் கதவுப் பக்கம் போனதில்லை.

ஜோ என்றுதான் எழுதப்போகிறேன். அவருக்குத் தொப்பி கிடைத்தால் அக்டோபரில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். ஆற்றங்கரைத் தெருவில் கீழ்தளத்து வீடு ஒன்றைக்கூடப் பார்த்துவிட்டோம், அம்மாவின் நாற்காலிக்குப் படி இல்லாத வீடு. காரணம் சொன்னால் தந்தியடித்து நிறுத்துகிறேன் என்று நீ எழுதினாயே, அதை ஜோவிடம் காட்டினேன். கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"வேண்டாம் நோரா. அவரா விட்டா சரி. நீ கேட்டு அவர் விட்டா, அப்புறம் நான் அடிக்கிற ஒவ்வொரு ரன்னும் உங்க வீட்டுப் பிச்சை."

"பிச்சையா இருந்தா என்ன? நாம சேர்ந்து இருக்கலாம்ல?"

"நீ இருப்ப. எனக்குத் தூக்கம் வராது."

அவர் பேச்சைக் கேட்டு உனக்கு 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். கேட்டிருக்கக் கூடாது. பக்கவாட்டுக் கதவுக்காரன் என்று நீ எழுதியிருந்ததும் மனசில் இருந்தது. சொன்னால் நீ சிரிப்பாயோ என்று பயந்தேன். ஆக, உன்னை மட்டும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அண்ணா, அன்று ராத்திரி நீ உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எழுதினாயே, உன் தங்கை காரணம் சொல்லாமல் கேட்கிறாள் என்றால் சொல்ல முடியாத காரணமாக இருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

உன் செஞ்சுரியைப் பற்றி ஜோ ஒரு நாளும் குறையாகப் பேசியதில்லை. அதை மட்டும் நீ சந்தேகப்படாதே.

பிப்ரவரியில் குவாரியில் ஒரு கல் புரண்டு அவருடைய வலது கைமேல் விழுந்துவிட்டது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி பேட் பிடிக்க முடியாது. அந்த ஊர் கிளப் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. குவாரி வாசலில் வண்டி எண்ணுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள், இரக்கப்பட்டு. சேதி வந்தபோது அம்மாவுக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? ஈஸ்டருக்கு உன்னை வரச் சொல்லியிருக்கலாம். பத்து நாளில் திரும்பி வருகிற மாதிரியான பயணம் இல்லை அது.

இப்போது உனக்கு ஆகஸ்ட் முழுக்க வேலை இல்லை. நீ வரும் ரயில் பதினொன்றுக்கு வருகிறது, வடக்கே போகும் ரயில் அரை மணி கழித்து. பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்துவிட்டு ஏறுகிறேன். வீட்டுச் சாவியை அங்கேயே தருகிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்னைத் தூக்குனானே, அந்தக் கையா?" என்று கேட்டாள்.

அவளைத் தூக்கும்போது அக்குளுக்குக் கீழே கைகொடு, இழுக்காதே. கத்தினால் நிறுத்தாதே, கத்திக்கொண்டேதான் எழுந்திருப்பாள். பகலில் பக்கத்து வீட்டு மிஸஸ் லாம்ப் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நீதான். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது என்ன செய்வதென்று நீயே யோசி. இத்தனை வருடம் நான் யோசித்தாகிவிட்டது.

போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அங்கே வருடத்தில் பாதி நாள் மழையாம். ஒற்றை அறையாம். வராதே என்று ஜோ இரண்டு தடவை எழுதிவிட்டார். மூன்றாவது தடவை எழுதுவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இடது கையால் எழுதுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா.

நோரா